கணக்கு யார் பெயரில்

வாசலூர்பட்டியில் என் தாய்மாமா ஒரு மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடை என்று சொன்னால் பெரிதாகத் தோன்றும். ஓடு வேய்ந்த சாய்ப்பு, முன்னால் ஒரு பலகை, உள்ளே நான்கைந்து மூட்டைகள், எண்ணெய் டின், கம்பியில் தொங்கும் ஷாம்பூச் சரங்கள். அவ்வளவுதான். நாமக்கல்லிலிருந்து வரும் பேருந்து காரவள்ளியில் மலையேறத் தொடங்கி, 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து, சோளக்காடு வழியாகச் செம்மேடு வந்து சேர்வதற்குள் என் வயிறு ஒருமுறையாவது தன் எதிர்ப்பைத் தெரிவித்திருக்கும். செம்மேட்டிலிருந்து வாசலூர்பட்டி அருகில்தான். கொல்லிமலைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படகுத்துறை உள்ள ஊர் என்று அறிவார்கள். எனக்கு அது மாமாவின் கடன் நோட்டு இருக்கும் ஊர்.

கெட்டி அட்டை போட்ட அந்த நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம். பக்கம் நிறைந்துவிட்டால் பழைய பாக்கியில் கொஞ்சமாவது தீர்த்த பிறகுதான் புதுப்பக்கம் திறக்கும். மாமா யாரிடமும் 'கடன் இல்லை' என்று சொல்லி நான் கேட்டதில்லை. நோட்டைத் திருப்பி, நிறைந்த பக்கத்தைக் காட்டுவார். வந்தவர் ஒருமுறை பார்த்துவிட்டு, மிளகு விற்றதும் வருகிறேன் என்று சொல்லிப் போவார். சிறுவயதில் கோடை விடுமுறைக்கு அங்கே போகும்போதெல்லாம், ஒரு மனிதர் இவ்வளவு சிறிய நோட்டை வைத்துக்கொண்டு எப்படி இவ்வளவு பேரைச் சமாளிக்கிறார் என்று வியந்திருக்கிறேன். அந்த நோட்டு சிறியதாக இருந்ததால்தான் அவரால் சமாளிக்க முடிந்தது என்று புரிய எனக்கு நாற்பது வயதாக வேண்டியிருந்தது.

கதைகளையும் கவிதைகளையும் பேசிக்கொண்டிருக்கும் நண்பர்களிடையே கணினியின் உட்புறத்தைப் பற்றிப் பேசுவது பந்தியில் மருந்து பரிமாறுவதைப் போன்றது என்று அறிவேன். ஆனாலும் எனக்கு நேர்ந்த ஒரு சறுக்கலைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த வழியாகத்தான் போக முடியும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

*

இயங்குதளத்தின் கருவுக்குக் கெர்னல் என்று பெயர். கணினியில் எந்த நிரலும் ஒரு கோப்பைத் தானாகத் திறந்துவிட முடியாது. கெர்னலிடம் கேட்டுத்தான் திறக்க வேண்டும், படிக்க வேண்டும், எழுத வேண்டும், மூட வேண்டும். ஆகவே எந்தக் கோப்பை யார் தொட்டார்கள் என்பது கெர்னலுக்குத் தெரியும். தெரிந்ததை அது நினைவில் வைத்துக்கொள்கிறதா என்பது வேறு கேள்வி.

யூனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் மிகப் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. ஒவ்வொரு கோப்பின் குறிப்பிலும், அது கடைசியாக எப்போது படிக்கப்பட்டது என்ற நேரம் பதியப்படும். ஒரே ஒரு நேரம்தான். முந்தைய வருகையை அடுத்த வருகை அழித்துவிடும். அந்தச் சிறு பதிவும் பெருஞ்செலவு வைத்தது. ஒரு கோப்பைப் படிக்கும்போதெல்லாம் வட்டில் ஒருமுறை எழுத வேண்டியிருந்தது. 2009ஆம் ஆண்டு வெளிவந்த லினக்ஸ் 2.6.30இல் இந்த வழக்கத்தை இயல்பாகவே தளர்த்தினார்கள். கோப்பு திருத்தப்பட்டபின் முதன்முறையாகப் படிக்கப்பட்டாலோ, பழைய பதிவுக்கு ஒரு நாள் வயதாகிவிட்டாலோ மட்டும் புதிய நேரத்தை எழுதினால் போதும் என்றானது.

ஆனால் சில நிரல்களுக்கு இது போதாது. வைரஸ் தேடும் நிரலுக்கு ஒரு கோப்பு திறக்கப்படும் அந்தக் கணமே செய்தி வேண்டும். படியெடுத்துக் காக்கும் நிரலுக்கு எது மாறியது என்ற பட்டியல் வேண்டும். இவற்றுக்காகக் கெர்னலில் ஒரு ஏற்பாடு வந்தது. 'இந்த அடைவைக் கவனித்துக்கொள், யாராவது கை வைத்தால் எனக்குச் சொல்' என்று ஒரு நிரல் கெர்னலிடம் சொல்லி வைக்கலாம். 2001இல் வந்த 2.4 கெர்னலில் இதற்கு டிநோட்டிஃபை என்று பெயர். கவனிக்கும் அடைவையெல்லாம் திறந்தே வைத்திருக்க வேண்டும் என்பதால் அது பெரும் தொல்லையாக இருந்தது. 2005 ஆகஸ்டில் 2.6.13 கெர்னலோடு, ஜான் மெக்கட்சனும் ராபர்ட் லவ்வும் எழுதிய ஐநோட்டிஃபை வந்தது. அதன்பின் எரிக் பாரிஸ் எழுதிய ஃபேனோட்டிஃபை, 2011 ஜனவரியில் வெளியான 2.6.37இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு வட்டுப் பகுதி முழுவதையும் ஒரே சொல்லில் கவனிக்கச் சொல்லவும், கோப்பைத் திறக்க அனுமதிக்கலாமா என்று கேட்டு நிற்கவும் அதனால் முடியும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தொடுகிறவன் ஒருவன், கேட்கிறவன் வேறொருவன். தொடுகிறவன் ஓடிக்கொண்டே இருப்பான், கேட்கிறவன் தூங்கிப்போகலாம். அவன் விழித்து வந்து வாங்கிக்கொள்ளும்வரை ஒவ்வொரு செய்தியையும் ஒரு துண்டுச் சீட்டாக எழுதிக் கெர்னல் தன் நினைவகத்தில் வரிசையாக அடுக்கி வைக்கிறது. அந்த வரிசை எவ்வளவு நீளலாம்?

இதை எழுதியவர்கள் ஆரம்பத்திலேயே யோசித்திருக்கிறார்கள். இயல்பாக ஒரு வரிசையில் 16384 சீட்டுகள்தான். ஒரே ஆள் ஒரே கோப்பை அடுத்தடுத்துத் தொட்டால், முடிந்தவரை அவற்றை ஒரே சீட்டாகச் சேர்த்துவிடுவார்கள். ஐநோட்டிஃபையில் ஒரு பயனர் வைக்கக்கூடிய கண்காணிப்புகள் நெடுங்காலம் 8192ஆக இருந்தன. ஒரு கண்காணிப்பு அந்தக் கோப்பின் குறிப்பையும் நினைவகத்திலிருந்து நீக்கவிடாமல் பிடித்துவைப்பதால் ஏறத்தாழ ஒரு கிலோபைட் செலவாகும். 2021 பிப்ரவரியில் வந்த 5.11 கெர்னலில்தான் கணினியின் நினைவக அளவுக்கேற்ப அந்த எண் தானே உயருமாறு மாற்றினார்கள். 2022இல் வந்த 5.19இல், நெருக்கடி நேரத்தில் கைவிடத்தக்க கண்காணிப்பு என்ற ஒன்றையும் ஃபேனோட்டிஃபையில் சேர்த்தார்கள்.

வரிசை நிறைந்தால் என்ன ஆகும்? நம் ஏரிகளுக்குக் கலிங்கு இருப்பதைப் போல இதற்கும் ஒன்று உண்டு. கொள்ளளவுக்கு மேல் வரும் நீர் கரையை உடைக்காமல் கலிங்கு வழியே போய்விடும். இங்கே நிறைந்த வரிசையின் முடிவில் 'வழிந்துவிட்டது' என்ற ஒரே ஒரு சீட்டை வைத்துவிட்டு, அதற்குப்பின் வரும் செய்திகளைக் கெர்னல் விட்டுவிடுகிறது. அந்தச் சீட்டைக்கூட நெருக்கடி வரும்போது எழுதுவதில்லை. நினைவகம் தீர்ந்தபின் எழுத இடமிருக்காது என்பதால் முதலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எது வழிந்தது என்று அது சொல்லாது. வழிந்தது என்று மட்டும் சொல்லும்.

ஃபேனோட்டிஃபையில் கலிங்கை அடைத்துவிடவும் ஒரு வழி உண்டு. வரம்பற்ற வரிசை வேண்டும் என்று கேட்கலாம். நிர்வாக அதிகாரம் உள்ளவனுக்கு மட்டுமே அந்த வரம் கிடைக்கும். நான் நிர்வாக அதிகாரம் உள்ளவனாக இருந்தேன்.

*

2017இல் நண்பர்கள் சிலர் சேர்ந்து பழைய தமிழ் இதழ்களை ஒளிவருடிச் சேமித்துக்கொண்டிருந்தோம். பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஒருவர் இதழ்களைத் திரட்டுவார், ஒருவர் ஒளிவருடுவார், நான்கைந்து பேர் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்ப்பார்கள். யாரோ கழித்துப்போட்ட, இரண்டு கிகாபைட் நினைவகம் மட்டுமே கொண்ட ஒரு கணினியில் எல்லாம் இருந்தது. அந்தக் கணினியின் பொறுப்பு என்னுடையது.

மெய்ப்புப் பார்ப்பவர்களில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். நாளும் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, ஏழு மணிவரை திரையின் முன் உட்காருவார். கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு நேரத்தில் மூன்று நான்கு வரி மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு படிப்பார். நூறாண்டுக்கு முந்தைய அச்சில் 'ர'வும் கால் எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். எது எது என்று அவருக்குச் சொற்பொருளால் தெரியும். மற்ற எங்களுக்குப் பாதி நேரம் தெரியாது.

யாருடைய திருத்தமும் தொலைந்துவிடக் கூடாது என்று எண்ணி, எந்தக் கோப்பு எப்போது தொடப்பட்டாலும் பதிவுசெய்து, மாறியதை வேறொரு வட்டுக்குப் படியெடுக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதினேன். ஒரு செய்தியைக்கூட இழக்கக் கூடாது என்ற பிடிவாதத்தில் வரம்பற்ற வரிசையைக் கேட்டேன். எழுதியபோது அதைப் பொறுப்புணர்வு என்றே நினைத்தேன். இப்போது யோசித்தால், எதையும் விட்டுவிட மனமில்லாதவனின் பேராசை என்று தோன்றுகிறது.

நவம்பரில் ஓரிரவு, படியெடுக்கும் வட்டுக்குப் போகும் இணைப்பு அறுந்தது. என் நிரல் அங்கே எழுத முயன்று, பதிலுக்குக் காத்து, அப்படியே உறைந்து நின்றது. அதே இரவு, தேடல் அட்டவணை தயாரிக்கும் வேலையும் நடந்துகொண்டிருந்தது. பக்கத்துக்கொரு கோப்பாகப் பல லட்சம் கோப்புகளை அது திறந்து மூடியது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக ஒரு நிரல் பிறந்து மடிந்ததால் சீட்டுகளை ஒன்றாகச் சேர்க்கவும் வழியில்லை. ஒவ்வொரு சீட்டும் தன் கோப்பின் குறிப்பையும் நினைவகத்தில் பிடித்துக்கொண்டது. போதாததற்கு, புதிய சீட்டு வரும்போதெல்லாம் இதைப் போன்ற சீட்டு முன்பே உண்டா என்று அந்த நாளைய கெர்னல் முழு வரிசையிலும் தேடியது. 2021இல் 5.13 கெர்னல் வந்தபோதுதான் அந்தத் தேடலுக்கு எல்லை கட்டினார்கள். ஆகவே கணினி முதலில் மெதுவாகி, பிறகு மேலும் மெதுவாகி, காலை ஆறரை மணியளவில் நினைவகம் முழுவதும் தீர்ந்தது.

நினைவகம் தீர்ந்தால் கெர்னல் ஒரு முடிவெடுக்கும். ஓடும் நிரல்களில் அதிகமாக நினைவகம் வைத்திருப்பவனைப் பார்த்துக் கொல்லும். மற்றவர்கள் பிழைக்க ஒருவனைப் பலியிடுவது. இங்கேதான் அநியாயம் நிகழ்ந்தது. என் நிரல் மிகச் சிறியது. அதன் பெயரில் சில நூறு கிலோபைட்தான் கணக்கில் இருந்தது. அதற்காக அடுக்கி வைக்கப்பட்ட லட்சக்கணக்கான சீட்டுகளோ கெர்னலின் பொதுச் செலவு. யார் பெயரிலும் இல்லை. ஆகவே கெர்னலின் கண்ணுக்கு என் நிரல் ஏழையாகவும், மெய்ப்புத் திருத்தும் கருவி பணக்காரனாகவும் தெரிந்தன. மெய்ப்புக் கருவியைக் கொன்றது. அந்தக் கருவியையும் நான்தான் எழுதியிருந்தேன். தட்டச்சிட்டதைத் தன் நினைவில் வைத்திருந்து, 'முடித்தேன்' என்று சொல்லும்போதுதான் அது வட்டில் எழுதும்.

ஆசிரியர் அன்று காலை 17 பக்கங்கள் திருத்தியிருந்தார். ஏன் இன்று இவ்வளவு மெதுவாக இருக்கிறது என்று எண்ணியபடியே பொறுமையாகத் திருத்தியிருக்கிறார். ஏழு மணிக்கு 'முடித்தேன்' என்று அழுத்தியபோது ஒன்றும் இல்லை.

எட்டு மணிக்கு என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனா?" என்று கேட்டார்.

நான் அதற்குள் கணினியின் பதிவுகளைப் பார்த்திருந்தேன். என்ன நடந்தது என்று முக்கால்வாசி தெரிந்திருந்தது. "இல்லைங்க ஐயா, இங்கே கரண்ட் போயிருச்சு" என்றேன்.

"அப்படியா, சரி சரி. கரண்டுக்கு யார் என்ன செய்ய முடியும்" என்று வைத்துவிட்டார். மறுநாள் நான்கு மணிக்கு எழுந்து அதே 17 பக்கங்களை முதலிலிருந்து தொடங்கினார். வரம்பற்ற வரிசையை அன்றே நீக்கினேன். காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை.

*

2019இல் அந்தக் கணினியை மாற்றியபோது புதிய கெர்னல் போட்டோம். பழக்கத்தால் மாற்றக் குறிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 2018 அக்டோபரில் வெளியான 4.19இல், அப்போது கூகுளில் பணியாற்றிய ஷகீல் பட் எழுதிய ஒரு திருத்தம் சேர்ந்திருந்தது. படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எனக்கு நடந்ததைப் போன்ற ஒன்றுக்குத்தான் அது மருந்து.

இதற்கு ஒரு முன்கதை சொல்ல வேண்டும். ஒரே கணினியில் பலருடைய வேலைகள் நடக்கும்போது ஒவ்வொரு குழுவுக்கும் இவ்வளவுதான் நினைவகம் என்று வரம்பு கட்டும் ஏற்பாடு 2008இல் கெர்னலில் சேர்ந்தது. சிகுரூப் என்ற அந்த அமைப்பின் நினைவகப் பகுதியைத் தொடக்கத்தில் எழுதியவர்கள் பல்பீர் சிங்கும் பாவெல் எமெலியனோவும். குழுவின் வரம்பு மீறப்பட்டால் தண்டனை அந்தக் குழுவுக்குள்ளேயே முடியும். பக்கத்து வீட்டுக்காரன் சாக வேண்டியதில்லை. ஆனால் கோப்புச் செய்திகளின் சீட்டுகள் நீண்டகாலம் இந்தக் கணக்கில் வரவில்லை. வருவதில் ஒரு நுட்பமான சங்கடம் இருந்தது. சீட்டு எழுதப்படுவது, கோப்பைத் தொடுகிறவன் கெர்னலுக்குள் நிற்கும் அந்தக் கணத்தில். வழக்கமான முறைப்படி கணக்கெழுதினால் செலவு அவன் தலையில் விழும். அவனோ இப்படி ஒருவன் கவனித்துக்கொண்டிருப்பதையே அறியாதவன். சீட்டு வேண்டும் என்று கேட்டவன் வேறு குழுவில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

4.19இல் செய்தது இதுதான். தொடுகிறவன் நிற்கும்போதே சீட்டை எழுதினாலும், செலவைக் கேட்கிறவனின் குழுக் கணக்கில் எழுதும் வழியைக் கெர்னலில் புதிதாக உண்டாக்கினார்கள். இதற்குள்ளும் இரண்டு நிலைகளைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். வரம்புள்ள வரிசையானால், கேட்பவனின் குழுவில் நினைவகம் இல்லாதபோது அவனைக் கொல்லத் துணிவதில்லை; பாதுகாப்புக்காகக் கவனித்துக்கொண்டிருப்பவனைக் கொல்வது ஆபத்து என்பதால், செய்தியைக் கைவிட்டு 'வழிந்துவிட்டது' சீட்டை வைப்பார்கள். வரம்பற்ற வரிசை கேட்டவனுக்கு எந்தச் செய்தியையும் கைவிடுவதில்லை. ஆனால் அதற்கான விலை அவனுடைய குழுவின் கணக்கில் ஏறும். எல்லாம் வேண்டும் என்று கேட்டவனே எல்லாவற்றுக்கும் பொறுப்பு.

எவ்வளவு நேர்த்தியான தீர்வு என்று வியந்தேன். இரண்டு நண்பர்களை அழைத்து அரைமணி நேரம் விளக்கவும் செய்தேன். அந்த அரைமணி நேரத்தில் ஆசிரியரின் நினைவு எனக்கு ஒருமுறையும் வரவில்லை என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறேன். மனம் எவ்வளவு சாமர்த்தியமாகத் தன் கோப்புகளை வெவ்வேறு அடைவுகளில் வைத்துக்கொள்கிறது!

*

சென்ற தை மாதம் வாசலூர்பட்டி போயிருந்தேன். மிளகு பறிப்புக் காலம். காப்பித் தோட்டங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் மரங்களில் மூங்கில் ஏணி சாய்த்து ஆட்கள் ஏறியிருந்தார்கள். வீட்டு வாசல்களில் பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. மாமா மதியச் சாப்பாட்டுக்கு உள்ளே போகும்போது, "மாப்ள, கொஞ்சம் கடையப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பன்னிரண்டு வயதிருக்கும் ஒரு பையன் வந்தான். டீத்தூள், இரண்டு கிலோ சர்க்கரை, பிஸ்கட் பொட்டலங்கள் என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். "கணக்குல எழுதிக்கங்க" என்றான். யார் வீட்டுப் பையன் என்று கேட்டேன், சொன்னான். அந்த வீட்டுப் பக்கத்தைத் தேடி எடுத்து எழுதினேன். பக்கத்தில் மூன்று நான்கு வரிகளே மீதி இருந்தன. நான் எழுதியதோடு நிறைந்துவிட்டது. ஒரு காரியத்தைச் சரியாகச் செய்த திருப்தியோடு பேனாவை வைத்தேன்.

மாமா வந்து நோட்டைப் பார்த்ததும் முகம் மாறியது.

"என்ன மாப்ள இது? இவ்வளவு சர்க்கரை அவங்க வீட்டுக்கு எதுக்கு? பையன் தோட்டத்துல மெளகு பறிக்கிறவங்களுக்கு டீ வெக்க வாங்கிட்டுப் போயிருப்பான். தோட்டக்காரர் பக்கத்துல இல்ல எழுதோணும்?"

"வாங்குனது அவன்தானே மாமா."

"வாங்க வந்தவன் பேர்ல எழுதுனா எப்படி? நாளைக்கு அவங்கம்மா கஞ்சிக்கு அரிசி கேட்டு வருவா. நான் நெறஞ்ச பக்கத்தக் காட்டுவேன். மெளகு யாரோடது, பட்டினி யாரோடது?"

நான் பேசவில்லை. மாமா என் வரிகளை அடித்துவிட்டு, வேறொரு பக்கத்தைத் திருப்பி அதே வரிகளை எழுதினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "அடிச்சு எழுதுனா மட்டும் பத்தாது. அவங்க வீட்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துரு. நாளைக்கு அடிச்ச கோட்டப் பாத்தா நாம என்னமோ பண்ணிட்டோம்னு நெனப்பாங்க."

அந்த வீடு ஏரிக்கு அப்பால் இருந்தது. போய்ச் சொன்னேன். மிளகைக் கிளறிக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, இதற்காகவா இவ்வளவு தூரம் நடந்து வந்தீர்கள் என்பது போலப் பார்த்துச் சிரித்தார். பையனின் அக்காள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் உட்கார்ந்தேன். சுற்றுலாக் குடும்பம் ஒன்று படகில் சுற்றி வந்துகொண்டிருந்தது. குழந்தை ஒன்று தண்ணீரில் கையை அளைந்துகொண்டிருந்தது. ஷகீல் பட்டின் திருத்தத்தை அரைமணி நேரம் நண்பர்களுக்கு விளக்கியவனுக்கு, அதே தவறை ஒரு மளிகைக் கடையில் மறுபடியும் செய்யத் தெரிந்திருக்கிறது. 2017 நவம்பரில் அந்தக் கெர்னல் செய்த பிழையை அடுத்த ஆண்டே யாரோ முன்வந்து திருத்திவிட்டார்கள். என் பிழை அப்படியே கிடக்கிறது. அன்று கணினி செலவைத் தவறான கணக்கில் எழுதியது அறியாமையால். நான் அதை மின்சாரத்தின் கணக்கில் எழுதியது அறிந்தே.

வரம்பற்ற வரிசையை அன்றே நீக்கிவிட்டேனே என்று இத்தனை ஆண்டுகள் என்னைத் தேற்றிக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது. மாமாவின் சொல்லில், அது அடித்து எழுதியது மட்டும்தான். போய்ச் சொல்லவில்லை.

*

ஊர் திரும்பியதும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினேன். கண் அறுவைச் சிகிச்சை முடிந்து அவர் நலமாக இருக்கிறார். மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கலாம். ஆனால் அனுப்பியதும் பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில் அஞ்சலில் அனுப்பினேன். நடந்ததை மறைக்காமல் எழுதினேன். கெர்னல், வரிசை, சீட்டு என்றெல்லாம் விளக்கத் தொடங்கி, அதுவும் ஒரு வகையில் தப்பித்தல் என்று தோன்றவே, கிழித்துவிட்டு ஒரு பக்கத்தில் முடித்தேன். அன்று மின்சாரம் போகவில்லை, தவறு என்னுடையது, உங்களிடம் பொய் சொன்னேன். சாரம் அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்துப் பதில் வந்தது. நீல மையில், இன்னமும் கோடு பிசகாத கையெழுத்து. கடிந்துகொள்ளவில்லை, பரவாயில்லை என்றும் எழுதவில்லை. நான் ஏதாவது தப்பாக அழுத்திவிட்டேனோ என்ற ஐயம் தனக்கு நெடுநாள் இருந்ததாகவும், அதனால் அதன்பின் ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தனியே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளத் தொடங்கியதாகவும் எழுதியிருந்தார். அந்த வரியைப் படித்தபோது கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை. மின்தடை என்று நான் சொன்னதை அவர் முழுதாக நம்பியிருக்கவில்லை. செலவை மின்சாரத்தின் கணக்கில் எழுதியதாக நான் நினைத்துக்கொண்டிருக்க, அவர் அதை வாங்கித் தன் பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் ஒன்று எழுதியிருந்தார். அந்த 17 பக்கங்களை இரண்டாம் முறை திருத்தியபோது, முதல் முறை தான் கவனிக்காமல் விட்ட ஒன்பது பிழைகளைக் கண்டுபிடித்தாராம். 'அதை யார் கணக்கில் எழுதுவது என்று நீங்களே சொல்லுங்கள்' என்று முடித்திருந்தார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. வரிசை வழிந்துவிட்டது என்ற சீட்டு வந்தால் கவனிக்கும் நிரல் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரே விடைதான் உண்டு. எது தவறியது என்று தெரியாது. ஆகவே முதல் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் மறுபடியும் பார்த்துவிட வேண்டும். இதைத் தவிர்க்கத்தான் நான் வரம்பற்ற வரிசையைக் கேட்டேன். என் பழைய நிரலில் அந்தப் பகுதியையே நான் எழுதவில்லை. அதைச் செய்யும் பொறுமை, புரை விழுந்த கண்ணோடு அதிகாலை நான்கு மணிக்கு எழுந்தவரிடம் இருந்தது.

அந்த நிரல் இப்போதும் ஓடுகிறது. இயல்பான 16384தான் வரம்பு. எப்போதாவது நிறைந்து வழிகிறது. வழிந்தால் எல்லா அடைவுகளையும் முதலிலிருந்து சரிபார்க்கிறது. விடிய விடிய ஆகும். ஆகட்டும்.